சிவப்புத் தரைக்கு எடுத்த கம்பளம்

மாத்தளையில் நான் ஆயுசு பூராவும் வேலை செய்த கடையில் இப்போது சுவரளவுக்கு ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். வீட்டு அறையைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனால், அந்தப் படத்துத் தரைமேல் கம்பளத்தை விரித்துக் காட்டுமாம். பிடிக்கவில்லையென்றால் விரலால் தட்டினால் அடுத்தது வரும். பழைய முதலாளி ஹாஜியாருடைய மகன், இப்போது அவர்தான் முதலாளி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஆன்டி, நீங்க ஒரு நாள் முழுக்கச் செஞ்ச வேலைய இது ஒரு செக்கன்ல செஞ்சிரும்" என்றார். பெருமையில் சொன்னார், பாவம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் வயசுக்கு மரியாதை இருக்காது என்று டீயைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கான்வென்ட் சிஸ்டர்மாரிடம் தையல் படித்தேன். திரைச்சீலை தைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஹாஜியாரின் கடைக்குப் போனேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. தோட்டத்தை நடத்திய துரைமார் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு போனார்கள். கட்டில், அலமாரி, கண்ணாடி என்று ஆளுக்கொன்றாக ஊரே வாங்கியது. தரையில் கிடந்த கம்பளங்களை மட்டும் யாரும் சீண்டவில்லை. அவற்றை ஹாஜியார் லொறியில் ஏற்றி வந்தார். இளவயதில் கொழும்பில் ஒரு கம்பளக் கடையில் இருந்தவர் அவர். எது ஈரான், எது ஆப்கான், எது மெஷின் வேலை என்று பின்பக்கத்து முடிச்சைத் தடவியே சொல்லுவார்.

படுக்கையறைக்குள் ஓர் ஆம்பிளை டேப்போடு நுழைவதை மாத்தளையில் எந்த வீட்டிலும் விரும்பமாட்டார்கள். ஜன்னலுக்கு அளவெடுக்கப் போகிற நானே தரைக்கும் அளவெடுக்கலாமே என்று ஹாஜியார் முடிவு செய்தார். இப்படித்தான் தையல்காரி கம்பளக்காரி ஆனேன்.

அவர் வேலை பழக்கிய விதம் ஒரு மாதிரி. வீட்டுக்குள் போனதும் டேப்பை எடுத்தால் அன்றைக்கு ஏச்சு நிச்சயம். முதலில் உட்கார வேண்டும். கொடுக்கிற டீயைக் குடிக்க வேண்டும். வீட்டு ஆட்கள் எந்த வழியாக வருகிறார்கள், செருப்பை எங்கே கழற்றுகிறார்கள், யார் எந்த மூலையில் போய் விழுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே பலாமரம் நிற்கிறதா, வெறும் வானம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தரை.

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்குச் சிவப்புச் சிமெந்துத் தரை. பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்பார்கள். ஈரான் கம்பளமென்றால் சிவப்பு என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். சிவப்புத் தரையில் சிவப்புக் கம்பளத்தைப் போட்டால் சிவப்புப் புடவைக்கு வேறொரு சிவப்பு ரவிக்கை போட்ட கதைதான். இரண்டும் செத்துப்போகும். அங்கே நீலம் வேண்டும், இல்லையென்றால் தந்த நிறம்.

அளவில் அவர் கண்டிப்பு. சுவருக்கும் கம்பளத்துக்கும் நடுவே தரை தெரிய வேண்டும். கரைதான் கம்பளத்துக்கு முகம், அதைக் கட்டிலுக்கடியில் தள்ளாதே என்பார். உரோமம் ஒரு திசையில் படிந்திருக்கும். ஒரு தலையில் நின்று பார்த்தால் வெளிறியும் மறு தலையில் நின்று பார்த்தால் கறுத்தும் தெரியும். வாசலில் நிற்கிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்து விரிக்க வேண்டும். பள்ளிவாசல் வளைவு நெய்த தொழுகை விரிப்பை வீட்டு முன்கூடத்தில், சாலையில், போடக் கேட்டால், எவ்வளவு பெரிய மனுசராக இருந்தாலும், "அது காலுக்கில்ல சேர், நெத்திக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே, பார்வைக்கு விடுவது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். கம்பளத்தை வீட்டில் விரித்துவிட்டு, காசைப் பற்றிப் பேசாமல் வந்துவிடுவோம். காலை வெயிலிலும், மத்தியான வெயிலிலும், லைட் போட்ட பிறகும் வீட்டுக்காரர் பார்க்கட்டும். ஒரு கிழமை, ஏழு நாள் கழித்துப் போவேன். பிடித்திருந்தால் விலை, இல்லையென்றால் சுருட்டிக்கொண்டு வருவேன்.

"அறைக்குள்ள ஒரு ஆள் ஈக்கிறான் மகள். அவன்ட காலுக்குத்தான் காபட், கண்ணுக்கில்ல" என்பார். "விரிச்சது தப்பாப் போனா தப்புண்டே செல்லு. யாவாரம் போனாப் போகட்டும். காபட்டப் பத்திப் பொய் செல்ற வாய் எனக்கு வேணாம்."

நானும் அப்படியே இருந்தேன். என்ன கண்டேன்? டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு, சாலைக்கு ஒரு கருநீலக் கம்பளம் எடுத்துக் கொடுத்தேன். என் கையால் அமைந்ததில் அதுதான் உச்சம். அந்த வீட்டு அம்மா அதன்மேல் நாற்காலி போடவே விடவில்லை, சுற்றி உட்காருங்கள் என்று எல்லாரையும் ஓரத்தில் உட்கார வைத்தார். எண்பத்து மூன்று ஜூலையில் அந்தத் தெருவில் தமிழாட்களின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். நான் ஹாஜியார் வீட்டில், அவருடைய மனைவியோடு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அடங்கிய பிறகு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கம்பளி எரிந்தால் தலைமயிர் எரிகிற நாற்றம். அந்தக் குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. சரியான கம்பளம் சரியான அறையில் இருந்தால் வீடு நிறைந்துவிடும் என்று எனக்குள் நம்பிக்கொண்டிருந்த பைத்தியக்காரி அன்றைக்கே செத்துப்போனாள். அதற்குப் பிறகும் வேலைக்குப் போனேன், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இனி டீச்சர் வீட்டுக் கதை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், இரத்தோட்டை வீதியில் இருந்த ஆக்னஸ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் வேதக் கோயில் ஆட்கள்தான். கணவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பதப்படுத்துவதைக் கவனிக்கிற டீமேக்கராக இருந்து ஓய்வெடுத்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் டீமேக்கர் ஐயா. ஒரே மகன் அன்டன். கொழும்பில் வேலை செய்து, லொட்ஜில் தங்கியிருந்தவனை ஆமிக்காரர்கள் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதோடு சரி. எந்த முகாமில் கேட்டாலும் இங்கே அப்படி யாரும் இல்லை என்ற பதில்தான்.

டீச்சர் என்னை நேராக மகனுடைய அறைக்குக் கூட்டிப் போனார். சுவருக்குப் புதுப் பெயின்ட், கட்டிலில் புது மெத்தை, அலமாரியில் அயன் பண்ணிய சட்டைகள். ஜன்னலில் தொங்கிய திரைச்சீலை நான் தைத்ததுதான். யாருக்கு என்று தெரியாமல் தைத்திருக்கிறேன்.

"முகாம்ல இருந்து வெளிய வந்த ஒரு பையனப் பாத்தேன் ரெஜினா. பாய்கூடக் குடுக்க மாட்டாங்களாம். வெறும் சிமெந்துலதான் படுக்கையாம். எம் புள்ள வந்தா இனி சிமெந்துல கால் வைக்கக் கூடாது. கட்டில்ல இருந்து எறங்கினா மெத்துனு இருக்கணும்."

"செஞ்சிரலாம் டீச்சர்."

"ஜெபக்கூட்டம் நடத்துற அம்மா என் தலையில கை வச்சு ஜெபிச்சுட்டுச் சொன்னாங்க. அறைய ஆயத்தம் பண்ணு, ஆயத்தமான அன்னைக்கு வந்து நிப்பான்னு. எல்லாம் முடிஞ்சிருச்சு. தரை ஒண்ணுதான் பாக்கி."

நான் உட்கார்ந்து பார்த்தேன். சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜம்பு மரம் வெளிச்சத்தை மறித்துக்கொண்டிருந்தது. தரை நல்ல சிவப்பு. எந்தக் கம்பளம் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கடையில், பங்களாவிலிருந்து வந்ததில் ஒன்று கிடந்தது. தந்த நிறம், பொடிப்பொடியாக நீலப் பூ, ஒடுங்கிய கரை. வெள்ளை என்றுதான் கடையில் அதைச் சொல்லுவோம். கட்டிலோரத்துக்கு அளவெடுத்து நெய்த மாதிரி இருக்கும்.

திரும்பும்போது டீமேக்கர் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஹோல்ட் வரைக்கும் கூடவே வந்தார். மழை விட்டிருந்தது, ஆனாலும் குடையை மடக்கவில்லை.

"பொருத்தமானது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு ஐயா. கடையிலயே இருக்கு, வெள்ளையில ஒண்ணு."

"அதக் கொண்டு வராத."

எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவன் இல்லம்மா. எனக்குத் தெரியும். தகப்பனுக்குத் தெரியாதா? ஆனா இவ ஒவ்வொண்ணா ஆயத்தம் பண்ணித்தான் எந்திரிக்கிறா, சாப்பிடுறா. தரையும் முடிஞ்சு, அவனும் வராட்டி, மறுநாள் இவ எதுக்கு எந்திரிப்பா? வேற எதையாவது கொண்டு வா. ஒத்துவராததா கொண்டு வா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. கண்டக்டர் டிக்கட் கேட்டவன், பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

ஹாஜியாரிடம் சொன்னேன். தெரிந்தே தப்பானதைக் கொண்டுபோய் விரிக்க அவர் சம்மதிக்கவே மாட்டார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வெள்ளையைத் தானே சுருட்டினார். சாக்குத்துணியில் சுற்றி, மேல்மாடியில் மற்றவற்றுக்கு அடியில் தள்ளினார்.

"இத யாருக்கும் விக்காத. அந்த உம்மாவுக்கு மத்ததுகளக் கொண்டு போ. ஆனா ஒண்ணு மகள், எப்பிடி ஈக்குண்டு அவ கேட்டா உண்மையச் செல்லு. தப்பானதக் கொண்டு போறது வேற, தப்பானத நல்லதுண்டு செல்றது வேற."

அப்படித்தான் தொடங்கியது. முதலில் எட்டுமூலைப் பூப் போட்ட ஒரு கருஞ்சிவப்பைக் கொண்டுபோனேன். ஒரு கிழமை கழித்துப் போனேன்.

"நீ என்ன சொல்றே?" என்று டீச்சர் கேட்டார்.

"தரைக்குள்ள முங்கிப் போச்சு டீச்சர்."

"அப்பச் சரி. வேற பாரு."

அடுத்தது அளவில் பெரிசு. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஓரம் மடங்கியது. அதற்கடுத்ததில் குதிரைமேல் ஒருவன் மானை நோக்கி அம்பு விட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் அதை ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை. "காலையில கண்ண முழிச்சா இதையா எம் புள்ள பாக்கணும்? எடு, எடு" என்றார். பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பச்சை, அந்த அறை வெளிச்சத்தில் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே டீச்சர் குறையைச் சொல்லப் பழகிவிட்டார்.

"இது தரையோட சண்டை போடுது."

"ஆமா டீச்சர்."

"கரை தடிப்பு. கட்டில் சின்னதாத் தெரியிது."

"ஆமா டீச்சர்."

"எல்லாத்துக்கும் ஆமா போடுறியே, ஒனக்குச் சம்பளம் குடுக்கிறவரு பாவம்டி!" என்று சிரிப்பார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அந்த மாதிரி நாட்களில்தான். ஐயா வாசற்படியில் நின்று, உள்ளே வராமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் சுருட்டிய கம்பளத்தோடு ரோட்டில் போவது என்றால் லேசான காரியமா? செக்பொயின்ட்டில் த்ரீவீலை மறித்து, கம்பளத்தைத் தார்ரோட்டில் விரிக்கச் சொல்லுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். சிங்களத்தில் எடுத்துச் சொல்லிக் கெஞ்சுவேன். ஒரு முறை ஒரு சிப்பாய், சின்னப் பையன்தான், சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தான். "ஹரி சனீபய் நே அக்கே" என்றான், நல்ல சுகமாக இருக்கிறதாம். அன்டனின் வயதுதான் இருக்கும். அவனைத் திட்டுவதா, அவனுக்காகவும் அழுவதா என்று தெரியாமல் கம்பளத்தைச் சுருட்டினேன்.

ஹாஜியார் மௌத்தானார். மகன் கடையை ஏற்றார். ஸ்டொக் பார்க்கும்போது மேல்மாடியில் வெள்ளையைக் கண்டுபிடித்து, "ஆன்டி, இவ்வளவு நல்ல சாமான ஏன் மறைச்சி வச்சீக்கிறீங்க?" என்று கேட்டார். "ஒங்க வாப்பா விக்க வேணாம்னு சொன்னது" என்றேன். அந்தப் பெயருக்கு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான் வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் டீச்சர் வீட்டுக்கு ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய்க்கொண்டுதான் இருந்தேன். என் தலையும் நரைத்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது. மாத்தளையில் பட்டாசு. ரோட்டில் பஸ்ஸை நிறுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அந்தச் சத்தம் அடங்கிச் சில நாட்களில் கடைக்கு ஒரு போன் கோல் வந்தது. டீமேக்கர் ஐயா.

"ரெஜினா, அந்த வெள்ளை இருக்காம்மா?"

"இருக்கு ஐயா."

"கொண்டு வா. நாளைக்கே கொண்டு வா."

டீச்சருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

போனபோது ஐயா கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். இளைத்து, சட்டை தோளில் நிற்காமல். ஆனால் கண்ணில் ஒரு பளபளப்பு.

"சண்டைதான் முடிஞ்சிருச்சே. இனி யார எதுக்குப் புடிச்சு வச்சிருக்கப் போறாங்க? எல்லாரையும் விடப் போறாங்களாம், பேப்பர்ல போடுறான். நாந்தாம்மா மடையன். புள்ளயப் பத்தி வாய் கூசாம இல்லைன்னு சொன்னேனே, ஒங்கிட்டயே சொன்னேனே."

உள்ளே போனேன். தரையை அவரே தேய்த்திருக்கிறார், அந்த வயதில், முழங்காலில் இருந்து. கம்பளத்தைக் கட்டிலோரம் விரித்தேன். இருட்டடித்துக் கிடந்த அறை எழும்பி உட்கார்ந்த மாதிரி ஆனது. ஜம்பு மரத்தினூடாக வந்த வெளிச்சம் முழுவதும் அந்தத் தந்த நிறத்தில் வந்து தங்கியது. இத்தனை வருசத்தில் இவ்வளவு பொருத்தமாக ஒன்று அமைந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"பாத்தியா டீச்சர், பாத்தியா!" என்றார் ஐயா. மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். அடுப்புக்குப் பக்கத்தில், என் கையைப் பிடித்தார்.

"ஏண்டி இதக் கொண்டு வந்தே?"

"ஐயாதான் டீச்சர்..."

"அவன் இல்ல ரெஜினா. லொட்ஜ்ல அவன் கூட இருந்த பையன் ஒருத்தன் திருநாளுக்கு வந்தப்ப எங்கிட்டச் சொன்னான். அவனுக்கு நடந்ததக் கண்ணால பாத்தவன். நீ ரெண்டாவது காபட் கொண்டு வந்த காலத்துலயே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர் இத்தன வருசமா..."

"அவன் வருவான்னு நான் நம்பிக்கிட்டு இருக்கேன், என்னப் பாத்துக்கணும்னு அவரு நெனச்சாரு. அந்த நெனப்புலதான் நடமாடுனாரு. எம் பின்னாலயே மாத்திரையும் தண்ணியுமா அலைஞ்சாரு. அதையும் புடுங்கிட்டா அவருக்கு என்ன இருக்கு? அதான் நீ கொண்டு வந்ததுக்கெல்லாம் ஒரு குறை சொன்னேன். நல்லதாவே இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

"இப்பவாவது ஐயாகிட்டச் சொல்லிருங்க."

"சொன்னா உசுரோட நிப்பாரா? மூஞ்சியப் பாத்தியா நீ?" டீச்சர் என் கையை விடவில்லை. "ஒரு குறை சொல்லு. நீ சொன்னா கேப்பாரு. ஏதாவது ஒண்ணு சொல்லி எடுத்துட்டுப் போயிரு தாயி. இது இங்க கெடந்தா அவரு வாசல்ல உக்காந்துருவாரு. அப்புறம் எந்திரிக்க மாட்டாரு."

நான் அறைக்குத் திரும்பிப் போனேன். ஐயா கம்பளத்தின் ஓரத்தில் குனிந்து, குஞ்சங்களைக் கையால் நீவி நேராக்கிக்கொண்டிருந்தார். ஒரு கம்பளத்தைப் பற்றி நான் அதுவரை பொய் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"ஐயா, கரை கொஞ்சம் ஒடுக்கமாத் தெரியிதே. நெறமும் இந்தத் தரைக்கு ரொம்ப வெளுப்பு. அழுக்குப் புடிச்சிரும். நான் வேற ஒண்ணு..."

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்த மனுசன் அப்படிச் சிரித்து நான் கண்டதேயில்லை.

"என்ன ரெஜினா பேசுறே? சின்ன அறைக்கு ஒடுங்கின கரைதானே சரி? இருட்டு அறைக்கு வெளுப்புத்தானே வேணும்? நீ டீச்சர்கிட்டச் சொன்னதெல்லாம் நான் வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். எடுக்கிறதாவது! இது இங்கதான் கெடக்கும்."

எல்லாம் என் வாயிலிருந்து போனதுதான்.

அவர் சாலைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில், கேட்டைப் பார்க்கப் போட்டார். நான் தூக்க வந்தபோது வேண்டாம் என்று தள்ளினார். உட்கார்ந்துகொண்டு, அடுப்படிப் பக்கம் கழுத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தார்.

"டீச்சர், இன்னிக்கி இருந்து அவனுக்கும் சேத்து ஒல வையி. எந்த நேரத்துல வருவானோ, பசியோட வருவான்."

அடுப்படியில் சுளகில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றது. நான் அடுப்படி வாசலுக்குப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அரிசித் தகரப் பேணியைத் திறந்து, இன்னொரு சுண்டு அளந்து அள்ளிப் போட்டார்.